“அது டிராகன் இல்லை, வைவர்ன்”: இந்தச் சண்டை எங்கிருந்து வந்தது?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஒரு பிரபலமான வெளிநாட்டுத் தொடரில் வரும் டிராகன்களுக்கு இரண்டு கால்தான் இருக்கிறது. உங்கள் நண்பர், “அது டிராகனே இல்லை, வைவர்ன், டிராகனுக்கு நாலு கால்” என்று அடித்துப் பேசுகிறார். யார் சொல்வது சரி, வைவர்ன் என்று தனியாக ஒரு மிருகத்தை ஐரோப்பியர்கள் நம்பினார்களா, அது நம் யாளி மாதிரியா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். கால் எண்ணிக்கையை வைத்துப் பெயர் பிரித்தது பழைய மக்கள் நம்பிக்கையா, இல்லை பிற்காலத்தில் யாரோ செய்த ஏற்பாடா? என் பதில்: பிற்கால ஏற்பாடு. அதுவும் ஒரே ஒரு தீவில், ஒரு குறிப்பிட்ட தொழில் செய்தவர்கள் தங்கள் வசதிக்காகச் செய்த ஏற்பாடு. உங்கள் நண்பர் முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொல்வது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இடைக்கால ஐரோப்பியக் கலை வரலாறு படித்தவன். பதினான்கு வருடம் ஒரு நூலகத்தில், பழைய பத்திரங்களில் தொங்கும் மெழுகு முத்திரைகளுக்கு விவரப் பட்டியல் எழுதும் வேலை பார்த்தேன். முத்திரையில் இருக்கும் உருவத்தைப் பார்த்து அது இன்னதென்று ஒரே சொல்லில் எழுத வேண்டும். ஆகவே படங்கள், சின்னங்கள், அவற்றுக்கு வைத்த பெயர்கள் பற்றிக் கொஞ்சம் உறுதியாகப் பேச முடியும். கிராமத்துக் கதைகள் பற்றிச் சொல்லப்போவது மற்றவர்கள் சேகரித்துப் பதிப்பித்ததைப் படித்துத் தெரிந்துகொண்டது. கிழக்கு ஐரோப்பாவின் நாகக் கதைகள் பக்கம் நான் போகவில்லை. அந்த மொழிகள் தெரிந்தவர்கள்தான் அதை எழுத வேண்டும்.

சரி, வைவர்ன் என்றால் என்ன? இங்கிலாந்தின் குலச்சின்னக் கலையில், அதாவது பிரபுக்களின் கேடயத்தில் எதை எந்த நிறத்தில் எப்படி வரைவது என்று வகுக்கும் ஹெரால்ட்ரியில், இதற்கு விளக்கம் தெளிவாகவே இருக்கிறது. தலையும் செதிலுடம்பும் டிராகனுடையவை. வௌவால் மாதிரி இரண்டு இறக்கை. கழுகுக்கு இருப்பதுபோல் நகம் வைத்த இரண்டே கால். பின்பக்கம் கால் கிடையாது, உடம்பு அப்படியே பாம்பு வாலாகி ஒரு முடிச்சுப் போட்டு அம்புமுனை போன்ற கூரில் முடியும். நான்கு கால் இருந்தால் அது டிராகன். வேல்ஸ் நாட்டுக் கொடியில் இருக்கும் சிவப்பு டிராகனை எண்ணிப் பாருங்கள், நான்கு கால். இந்த அளவுக்கு உங்கள் நண்பர் சொல்வது சரி. ஆனால் இந்தப் பிரிவு 16ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் இங்கிலாந்தில் நிலைபெற்றது. லண்டனில் குலச்சின்னங்களைப் பதிவு செய்யும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் 1484இல் தொடங்கியது. ஆயிரக்கணக்கான கேடயங்களைப் பதிவேட்டில் எழுத்தில் வர்ணிக்க வேண்டும், எழுத்தை மட்டும் படித்து இன்னொருவர் அதே படத்தை வரைய வேண்டும் என்றால் இரண்டு காலுக்கு ஒரு சொல், நாலு காலுக்கு ஒரு சொல் தேவைப்படும்தானே. தேவையிலிருந்து வந்த பிரிவு அது. ஆங்கிலக் கால்வாய் என்ற கடலைத் தாண்டி பிரான்சுக்கோ, ஜெர்மனிக்கோ, இத்தாலிக்கோ போனால் இரண்டு காலோடு இருப்பதையும் டிராகன் என்றுதான் எழுதுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது உறைத்த நாள் நினைவிருக்கிறது. ஒரு சின்ன முத்திரை, கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். பச்சை மெழுகு காலத்தில் கறுத்துப் போயிருந்தது. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்து லென்ஸ் வழியாகப் பார்த்தால், சுருண்ட வாலோடு இறக்கை முளைத்த ஏதோ ஒன்று. முன்னால் இரண்டு கால் தெரிகிறது. பின்னால் ஒரு மேடு, அது தொடையா, வால் மடிப்பா? நான் வைவர்ன் என்று எழுதினேன். பக்கத்து மேஜைக்காரர் பார்த்துவிட்டு டிராகன் என்றார். கடைசியில் மூத்தவர் ஒருவர் வந்து, “1500க்கு முந்தையது என்றால் டிராகன் என்று மட்டும் எழுது, எத்தனை கால் என்பதைக் குறிப்பில் போடு” என்றார். ஏன் என்று கேட்டேன். “இந்த முத்திரைக்குச் சொந்தக்காரன் அதை டிராகன் என்றுதான் சொல்லியிருப்பான். அவனுக்குத் தெரியாத வித்தியாசத்தை நீ ஏன் அவன் தலையில் கட்டுகிறாய்?” இதைவிடச் சுருக்கமாக உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பெயரின் கதை இன்னும் சுவாரஸ்யம். லத்தீனில் ‘வீப்பெரா’ என்றால் விரியன் பாம்பு. குட்டி போடும் பாம்பு என்ற பொருளில் வந்த சொல் என்பது வழக்கமான விளக்கம். (கண்ணாடி விரியன் குட்டி போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.) அது பழைய பிரெஞ்சில் ‘கீவ்ர்’, ‘வீவ்ர்’ என்றெல்லாம் தேய்ந்து, 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களோடு அங்கே வந்து ‘வைவர்’ ஆயிற்று. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் பொறாமையைத் திட்டும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார். அங்கே இறக்கையும் இல்லை, காலும் இல்லை. வெறும் நச்சுப் பாம்பு. கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ன்’ 1600ஐ ஒட்டித்தான் சேர்ந்தது. பிட்டர்ன் என்ற கொக்கு இனப் பறவையின் பெயரிலும் இதே மாதிரி பழைய வடிவத்தில் இல்லாத ‘ன்’ வந்து ஒட்டியிருக்கிறது. 1610இல் ஜான் கில்லிம் என்பவர் வெளியிட்ட குலச்சின்ன நூலில், இறக்கையும் காலும் பறவைக்கு, வால் பாம்புக்கு என்று வைவர்னுக்கு விளக்கமே கொடுத்துவிடுகிறார். அதற்குள் பாம்பு முழுதாகக் கேடயத்து மிருகமாக மாறிவிட்டது. இடையில் ஒரு எச்சரிக்கை: ஆங்கிலத்தில் வைபர், தமிழில் விரியன் என்று ஒலி ஒத்துப்போவதைப் பார்த்துவிட்டு யாராவது உறவு கொண்டாடக் கிளம்புவார்கள். வேண்டாம், வெறும் ஒலிப் பொருத்தத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

இப்போது டிராகன் என்ற சொல்லையும் கொஞ்சம் உரித்துப் பார்க்கலாம், ஏனென்றால் அதுவும் பாம்புதான். கிரேக்கத்தில் ‘டிராக்கோன்’ என்றால் பெரிய பாம்பு. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி எழுதிய இயற்கை வரலாற்றில் டிராகனின் ஊர் எது தெரியுமா? நம் பக்கம்தான். இந்தியாவில் யானையும் பெரிது, அதோடு ஓயாமல் சண்டை போடும் டிராகனும் பெரிது, அது யானையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும், சாயும் யானை அதன் மேலேயே விழுந்து நசுக்கும் என்று எழுதுகிறார். 636இல் இறந்த செவில் நகரத்துப் பேராயர் இசிதோர், டிராகனின் பலம் பல்லில் இல்லை, வாலில் என்கிறார். கடித்துக் கொல்லாது, சுற்றிக் கொல்லும். இதைப் படிக்கும்போது நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? மலைப்பாம்பு. வாய்வழியாகப் போன மலைப்பாம்புச் செய்தி அங்கே போய் ஊதிப் பெருத்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உறுதியானது இதுதான்: 12, 13ஆம் நூற்றாண்டு விலங்கு நூல்களில் ஓவியர்கள் இந்த யானைச் சண்டையை வரையும்போது பாம்புக்கு இறக்கை வைக்கிறார்கள், பெரும்பாலும் இரண்டு கால் வைக்கிறார்கள், சிலர் காலே வைப்பதில்லை. மேலே எழுதியிருக்கும் பெயர் எல்லாவற்றிலும் ஒன்றுதான், ‘டிராக்கோ’.

ஆக வரலாற்றில் முதலில் வந்தது காலில்லாதது, அப்புறம் இரண்டு கால், கடைசியில்தான் நான்கு கால் பரவலாயிற்று. ‘உண்மையான டிராகனுக்கு நாலு கால்’ என்ற வாதம் தலைகீழாக நிற்கிறது பாருங்கள். 1066 போரைச் சொல்லும் பேயோ டேபஸ்ட்ரி என்ற நீளமான துணி இருக்கிறது, கிட்டத்தட்ட 70 மீட்டர். டேபஸ்ட்ரி என்று பெயரே தவிர அது நெய்ததில்லை, லினன் துணியில் கம்பளி நூலால் போட்ட பூத்தையல். அதில் ஆங்கில அரசன் ஹெரால்டு சாகும் இடத்தில் கம்பத்தின் மேல் ஒரு டிராகன் கொடியைப் பிடித்தபடி ஒருவன் நிற்கிறான், இன்னொரு டிராகன் கொடி தரையில் விழுந்து கிடக்கிறது. அந்த டிராகனுக்கு இரண்டு கால்தான். இன்றைக்குத் தென் இங்கிலாந்தின் வெசெக்ஸ் பகுதியினர் அதைப் பொன் வைவர்ன் என்று சொந்தம் கொண்டாடுகிறார்கள். இரண்டாம் உலகப்போரில் 43ஆவது வெசெக்ஸ் டிவிஷன் என்ற ராணுவப் பிரிவு தோள்பட்டையில் குத்திக்கொண்டதும் மஞ்சள் வைவர்ன்தான். தைத்தவர்களைக் கேட்டிருந்தால் டிராகன் என்றிருப்பார்கள். இன்னும் நானூறு வருடம் தள்ளி, இத்தாலியில் உச்செல்லோ 1470 வாக்கில் வரைந்த, டிராகனைக் கொல்லும் புனித ஜார்ஜ் ஓவியத்தைப் பாருங்கள், லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. இளவரசி ஒரு கயிற்றில் டிராகனை நாய்க்குட்டி மாதிரி பிடித்திருப்பாள். இறக்கையில் பட்டாம்பூச்சிக்கு இருப்பதுபோல் வட்ட வட்டப் புள்ளிகள். கால் இரண்டு. அதை யாரும் ‘புனித ஜார்ஜும் வைவர்னும்’ என்று சொல்வதில்லை.

மக்கள் கதைகளில் வைவர்ன் என்று தனியாக உண்டா என்று கேட்டீர்கள். இங்கிலாந்தில் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஊர் மோர்டிஃபோர்ட், ஹெரெஃபோர்டுஷயரில் லக் ஆறு வை ஆற்றோடு சேரும் இடம். கதை இப்படிப் போகும். மாட் என்ற சின்னப் பெண் காட்டில் பூப் பறிக்கப் போன இடத்தில் ஒரு வெள்ளரிக்காய் அளவில் பச்சைப் பசேலென்று ஒரு குட்டியைக் கண்டெடுக்கிறாள். வீட்டுக்குக் கொண்டுவந்தால் அப்பா பார்த்ததுமே இது எங்கே போய் முடியும் என்று புரிந்துகொண்டு திரும்பக் கொண்டுபோய் விடச் சொல்கிறார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுக் காட்டில் ஒளித்து வைத்துத் தினமும் பால் ஊற்றி வளர்க்கிறாள். அது வளர்ந்ததும் பால் போதவில்லை, ஆடு மாடு தின்கிறது, அப்புறம் மனிதர்கள். தன்னை வளர்த்த அந்தப் பெண்ணை மட்டும் தொடுவதில்லை. கடைசியில் மரண தண்டனை பெற்ற கார்ஸ்டன் என்பவன், கொன்றால் விடுதலை என்ற பேச்சின் பேரில், ஆற்றோரம் ஒரு சைடர் (ஆப்பிள் மது) பீப்பாய்க்குள் ஒளிந்துகொண்டு அது தண்ணீர் குடிக்க வரும்போது கொல்கிறான். சாகும்போது அது விட்ட நச்சு மூச்சில் அவனும் செத்துப்போகிறான். கார்ஸ்டன் குற்றவாளி இல்லை, பெரிய குடும்பத்துக்காரன் என்று சொல்லும் வடிவமும் உண்டு. பாம்புக்குப் பால் ஊற்றி வளர்த்தால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம் பழமொழியில் பால் ஊற்றியவனையே பாம்பு கடிக்கும், இங்கே அவளை மட்டும் விட்டுவிடுகிறது. செத்த பிறகு அவள் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். எனக்கு இந்தக் கதை பிடிப்பதற்குக் காரணம் அந்த இடம்தான்.

இப்போது என் தொழில் சம்பந்தப்பட்ட பகுதி. அந்த ஊர்த் தேவாலயச் சுவரில் சுமார் 12 அடி நீளத்துக்கு ஒரு பச்சை டிராகன் ஓவியம் வெகுகாலம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டடத்தைப் பழுது பார்த்தபோது அழித்துவிட்டார்கள். அதைப் பார்த்தவர்கள் எழுதி வைத்த குறிப்புகளில் காலும் இறக்கையும் எத்தனை என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒவ்வொரு முறை புதுவண்ணம் பூசும்போதும் பூசியவர் தன் கைவரிசையையும் காட்டியிருக்கிறார் போல. அந்தத் தேவாலயத்தோடு தொடர்புடைய ஹெரெஃபோர்டு மடத்தின் சின்னம்தான் சுவரில் வரையப்பட்டிருந்தது, அதன் பொருள் மறந்துபோன பிறகு ஊர்க்காரர்கள் படத்துக்கு ஒரு கதை கட்டினார்கள் என்று ஒரு கருத்து உண்டு. இது நிரூபணமானதில்லை. ஆனால் படம் முன்னால், கதை பின்னால் என்ற வரிசையை நான் வேறு இடங்களிலும் பார்த்திருப்பதால் எனக்கு நம்பும்படியாகத்தான் இருக்கிறது. கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அது தண்ணீருக்குப் போன வழி என்று காட்டப்படும் பாதையின் பெயர் ‘சர்ப்பச் சந்து’. கதையை நூலாக்கியவர்கள் டிராகன் என்றார்கள். வைவர்ன் என்ற பட்டம், கேடயப் பாஷை தெரிந்தவர்கள் சூட்டியது.

அதே சொல் பிரான்சில் எங்கே போயிற்று என்பதைப் பார்த்தால் சந்தேகமே தீர்ந்துவிடும். சுவிட்சர்லாந்து எல்லையோரம் ஜூரா மலைப் பகுதியில் ‘வூவ்ர்’ என்று ஒன்று உண்டு, வைவர்னோடு பிறந்த சொல்தான். ஆனால் ஆள் வேறு. இறக்கையுள்ள பாம்பு, சில கதைகளில் பெண். நெற்றியில் செந்நிறத்தில் எரியும் ஒரு மாணிக்கம், அதுதான் அவளுக்குக் கண், இரவில் பறக்கும்போது அதுதான் வெளிச்சம். ஆற்றில் குளிக்கவோ தண்ணீர் குடிக்கவோ இறங்கும்போது அந்தக் கல்லைக் கரையில் கழற்றி வைத்துவிடுவாள். அந்த நேரம் பார்த்து அதைத் திருடிவிட்டால் பெரிய பணக்காரனாகிவிடலாம், மாட்டிக்கொண்டால் உயிர் போகும். இதைப் படிக்கும் தமிழர் யாருக்கும் நாகமாணிக்கம் நினைவுக்கு வராமல் இருக்காது. பாம்பு மணியை உமிழ்ந்து வைத்துவிட்டு அந்த வெளிச்சத்தில் இரை தேடும் என்பது சங்கப் பாடல்களிலேயே வரும் செய்தி. அதை மரத்தின் மேல் உட்கார்ந்து சாணியைப் போட்டு மூடித் திருடும் கதையைப் பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்ததா, தனித்தனியாக முளைத்ததா? ஒற்றுமை கண்ணில் அறைகிறது என்பதற்காக உறவு என்று எழுதிவிட முடியாது. வழித்தடம் காட்ட வேண்டும். எப்படியானாலும் இங்கிலாந்தில் இரண்டு கால் கேடய மிருகமாக நிற்பது பிரான்சில் காலே இல்லாத மாணிக்கப் பாம்பு. மிலான் நகரத்து விஸ்கோந்தி குடும்பத்தின் சின்னம், மனிதனை வாயில் கவ்விய பாம்பு, ஆல்ஃபா ரோமியோ கார் முகப்பில் பார்த்திருப்பீர்கள். அதைப் பிரெஞ்சுக் குலச்சின்ன மொழியில் ‘கீவ்ர்’ என்பார்கள். மறுபடி அதே சொல், மறுபடி வேறு உருவம்.

வைவர்ன் உண்மையிலேயே உலவியது என்று படித்தவர்கள் யாராவது நம்பினார்களா என்றால், இரண்டு கால் டிராகனை நம்பினார்கள். 1572 மே 13ஆம் தேதி போலோஞ்ஞா நகருக்கு வெளியே ஒரு மாட்டுக்காரர் வழியில் சீறிய ஏதோ ஒரு பிராணியைத் தடியால் அடித்துக் கொன்றார். உடல் உலிசே அல்த்ரோவாந்தி என்ற இயற்கை அறிஞரின் கைக்குப் போயிற்று. அவர் அதை வரையச் செய்து, பதப்படுத்தித் தன் சேகரிப்பில் வைத்தார். பாம்பு உடம்பு, நடுவில் வீங்கிய வயிறு, இரண்டே கால், இறக்கை இல்லை. அதே நாளில்தான் போலோஞ்ஞாக்காரரான பதின்மூன்றாம் கிரெகரி போப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இன்று நாம் சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டி அவர் பெயரால்தான் கிரெகோரியன். அவர் குடும்பச் சின்னம் என்ன தெரியுமா? டிராகன். ஊரே பரபரத்ததில் ஆச்சரியமில்லை. அந்த உடல் ஓர் ஒட்டுவேலையாக இருந்திருக்கலாம். அந்தக் காலத்தில் திருக்கை மீனை வெட்டிக் காயவைத்து டிராகன் என்று விற்றவர்கள் இருந்தார்கள், கான்ராட் கெஸ்னர் என்ற அறிஞர் 1550களிலேயே அதைப் பற்றி எச்சரித்திருக்கிறார். நஞ்சு, சகுனம், போப், பித்தலாட்டம் என்று எல்லாம் ஒரே சம்பவத்தில் இருக்கிறது. வைவர்ன் என்ற பெயர் மட்டும் இல்லை.

பிறகு, ‘உடற்கூறுப்படி வைவர்ன்தான் சாத்தியம்’ என்று ஒரு வாதம் வரும். இதில் பாதி சரி. முதுகெலும்பு விலங்குகளுக்கு நான்கு உறுப்புகள்தான். பறவையும் வௌவாலும் முன்கையை இறக்கையாக்கிக்கொண்டன. நாலு காலும் இறக்கையும் சேர்ந்தால் ஆறாகிவிடும். அதனால்தான் இன்றைய சினிமாக்காரர்கள் இரண்டு காலை விரும்புகிறார்கள், இறக்கை நுனியைத் தரையில் ஊன்றி நடக்கவும் விடுகிறார்கள். அந்த நடை, அழிந்துபோன பறக்கும் ஊர்வன இனமான டெரோசாருடையது. அவற்றில் கெட்சால்கோட்லஸ் என்பது இறக்கையை விரித்தால் 10 மீட்டர் அளவு இருக்கும். ஆனால் பழைய கேடயத்து வைவர்ன் இறக்கையைத் தரையில் ஊன்றுவதே இல்லை. இரண்டு காலில் நின்று, வாலைச் சுருட்டி உட்கார்ந்து, இறக்கையை முதுகுக்கு மேல் தூக்கிப் பிடிக்கும். வரைந்தவனுக்கு உடற்கூறு கவலை இல்லை, முக்கோணக் கேடயத்துக்குள் அடக்க வேண்டும் என்ற கவலைதான். அகலமான மேல்பாகத்துக்கு இறக்கை, குறுகும் கீழ்பாகத்துக்குச் சுருண்ட வால். நாலு காலை எங்கே வைப்பது? (நாலு காலும் இறக்கையும் உள்ள பிராணியைப் பார்க்கவேண்டுமென்றால் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போங்கள். அங்கே இருக்கும் பறக்கும் பல்லிக்கு, உயிரினங்களுக்கு லத்தீன் பெயர் வகுத்த லின்னேயஸ் வைத்த பேரினப் பெயரே டிராகோ. அதன் ‘இறக்கை’ நீண்ட விலா எலும்புகளுக்கு இடையே விரியும் தோல், ஆகவே விதி மீறவில்லை.)

வைவர்னுக்கு நெருப்பு வராது, வால் கொடுக்கில் விஷம் என்று உங்கள் நண்பர் அடுத்துச் சொல்வார். அந்தத் தெளிவான விதி 1970களில் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் வழியாகப் பரவியது. கேடயங்களில் வால் நுனி கூர்மையாக இருப்பது உண்மை, ஆனால் டிராகனுக்கும் அப்படித்தான் வரைவார்கள். அதேபோல ‘வைவர்ன் வீரத்தையும் காவலையும் குறிக்கும்’ என்று சின்னம் விற்கும் கடைகள் எழுதுவதையும் நம்ப வேண்டாம். ஒரு குடும்பம் ஒரு மிருகத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பல சமயம் பெயர் ஒலி, கல்யாண உறவு, பழக்கம் என்பதற்கு மேல் காரணம் இருக்காது. ஒரு நல்ல உதாரணம்: 1844இல் உருவான மிட்லண்ட் ரயில்வே கம்பெனி வைவர்னைச் சின்னமாக்கி, அது பழைய மெர்சியா அரசின் கொடி என்றது. 1897இல் ஒரு ரயில்வே பத்திரிகை விசாரித்துப் பார்த்து, அதற்கு ஆதாரமே தெரியவில்லை என்று எழுதியது. லெஸ்டர் நகரத்தின் சின்னத்திலும் வைவர்ன் இருந்தது என்பது மட்டும் உண்மை. அந்த வைவர்னுக்கு அதிகாரபூர்வ வர்ணனை என்ன தெரியுமா? ‘கால் இல்லாத வைவர்ன்’. வெள்ளை உடம்பில் சிவப்புக் காயங்கள் தூவியிருக்கும். இரண்டு கால் என்பதுதான் இலக்கணம் என்று வகுத்தவர்களே காலில்லாததற்கும் அந்தப் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள்.

எலும்பு கண்டெடுத்துத்தான் இப்படிக் கதைகள் பிறந்தன என்று சிலர் எழுதுவார்கள். பொதுவாக இதை நிரூபிப்பது கஷ்டம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் தடயம் உறுதியாக இருக்கிறது: ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் நகரம். அங்கே 14ஆம் நூற்றாண்டில் கிடைத்த ஒரு மண்டையோட்டை டிராகன் தலை என்று வைத்திருந்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஊர் நடுவில் டிராகன் சிலை செதுக்கியபோது அதன் முகத்துக்கு மாதிரியாக அதையே எடுத்துக்கொண்டார்கள். அது அழிந்துபோன கம்பளிக் காண்டாமிருகத்தின் மண்டையோடு. ஆனால் கதை முன்னமே இருந்தது, எலும்பு அதற்குச் சாட்சியாகச் சேர்ந்தது என்பதுதான் வரிசை என்று நினைக்கிறேன்.

யாளி பற்றி. உருவத்தில் ஒப்பிட எதுவும் இல்லை. யாளி சிங்க உடம்பு, நான்கு கால், பலவற்றில் யானைத் துதிக்கை, அடிப்படையில் பாலூட்டி. வைவர்ன் அடிப்படையில் பாம்பு. ஆனால் இருக்கும் இடத்தில் ஒற்றுமை உண்டு. யாளியை நாம் தெரிந்துகொண்டது காட்டில் பார்த்த கதையால் அல்ல, தூணில் பார்த்து. வைவர்னும் அப்படித்தான், கேடயத்திலும் முத்திரையிலும் ரயில் பெட்டியிலும் வாழ்ந்தது. தூணின் உயரத்துக்கு யாளி பின்னங்காலில் எழுந்து நிற்கிறது, கேடயத்தின் வடிவத்துக்கு வைவர்ன் வால் சுருட்டுகிறது.

ஆகவே நண்பரோடு பேசும்போது, பேச்சு இங்கிலாந்துக் குலச்சின்னம் பற்றியோ அந்த விளையாட்டு பற்றியோ என்றால் விட்டுக்கொடுத்துவிடுங்கள், அங்கே அவர் சொல்வதுதான் இலக்கணம். தொடரில் வருவதை அதை எழுதியவர் டிராகன் என்றால் அது டிராகன்தான். அவருக்குப் பின்னால் பேயோ துணியும் உச்செல்லோவும் நிற்கிறார்கள். நண்பர் அப்போதும் விடவில்லை என்றால் மோர்டிஃபோர்ட் சுவரில் இருந்ததற்கு எத்தனை கால் என்று கேட்டுப் பாருங்கள்.